காய்ச்சல் இறங்கியதும் பெயரை அடித்துவிடாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பொதுச் சுகாதாரத்துக்கும் மருத்துவப் பணிகளுக்கும் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கு,

எங்கள் பக்கத்துத் தாலுகா அரசு மருத்துவமனை ஒன்றில், ஓபி சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே சமீபத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் வந்துகொண்டிருந்த மனநல மருத்துவர் இனி வரமாட்டார், வேண்டியவர்கள் மாவட்டத் தலைமையிடத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளவும் என்று அதில் இருக்கிறது. ஏன் என்று இல்லை. எது வரைக்கும் என்றும் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே டெங்கு, சிக்குன்குனியா விழிப்புணர்வுப் படம் தொங்குகிறது. தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள், பழைய டயரையும் தேங்காய் ஓட்டையும் அப்புறப்படுத்துங்கள் என்று எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் வந்து போனவரின் உடம்பும் மனசும் அப்புறம் என்ன ஆகும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. இந்த இரண்டையும் ஒரே சுவரில் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இருக்கும் டாக்டர்களும் நர்சுகளும் காய்ச்சல் காலத்தில் சோறு தண்ணி இல்லாமல் நிற்பதை நேரில் பார்த்தவள் நான். என் கோரிக்கை, அவர்களுக்கு மேலே இருந்து முடிவெடுக்கிற உங்களிடம்.

நான் காவேரிப்பட்டினத்தில் ஒரு சிறிய தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி, டெங்கு, சுகர், உள்வீக்கத்தைக் காட்டும் இஎஸ்ஆர் என்று காலையிலிருந்து ரத்தம் எடுப்பதும் ரிப்போர்ட் அடிப்பதும்தான் வேலை. மழை விட்டு ஏரிகளில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வாசல் வரை ஆள் நிற்பார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் காய்ச்சல் போய் இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருவார்கள். கையில் டாக்டர் சீட்டு இருக்காது. "காய்ச்சல் எப்பவோ போயிடுச்சு, ஆனா ஆள் தெளியல. ரத்தத்துல ஏதோ இருக்கு, இன்னொரு தடவை பாருங்க" என்பார்கள். தூக்கம் வருவதில்லை என்பார்கள். வாய்க்குச் சோறு பிடிக்கவில்லை, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன், கணக்கு நிற்கவில்லை, பத்து அடி நடந்தால் உட்காரத் தோன்றுகிறது என்பார்கள். ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாகங்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் வேலையில் இருந்த தம்பி ஒருவர், கொரோனாவுக்குப் பிறகு எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்ததால் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். இருபத்தைந்து வயது தாண்டாத பையன். "அக்கா, மூளைக்கு எதாச்சும் டெஸ்ட் இருக்கா?" என்று அவர் கேட்டபோது சொல்ல என்னிடம் பதில் இல்லை. நான் கொடுக்கும் ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் 'நார்மல்' என்றுதான் வரும். அந்த நார்மலை வாங்கிக்கொண்டு வெளியே போகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும், அது அவர்களுக்கு நல்ல சேதியாக இல்லை.

என் சொந்த அக்காவும் அவர்களில் ஒருத்தி. பாலக்கோடு பக்கம் வாக்கப்பட்டவள். தக்காளிக் காட்டில் பாடுபடுவாள், மாங்காய்க் காலத்தில் கூழ் ஆலைக்கு வேலைக்குப் போவாள். சிக்குன்குனியா வந்து காய்ச்சல் சில நாளில் இறங்கிவிட்டது. மூட்டு நோவு இறங்கவில்லை. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. களித் துடுப்பைப் பிடித்தபடி அடுப்படியில் அப்படியே நின்றுவிடுவாள். கிண்டவும் முடியாது, விடவும் மனசு வராது. மாமா வந்து துடுப்பை வாங்கிக்கொள்வார். அவள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எந்நேரமும் பேச்சும் சத்தமுமாக இருந்தவள், போன் அடித்தால் எடுக்க மாட்டாள். ஒரு நாள் சாயந்திரம் என் மடியில் தலை வைத்து, "எனக்கு எதுக்குடி இந்த உசுரு" என்று கேட்டாள்.

மருத்துவமனையில் வலி மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறை சத்து மாத்திரை. அதற்கடுத்து, "தண்ணியாலதான் வருது, உங்க ஊர்ல எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்றார்கள். கடைசியில் ஒருவர், "ஒண்ணும் இல்லம்மா, நீயா நினைச்சுக்கற" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் வீட்டில் குறி கேட்கவும் முனியப்பன் கோயிலில் கயிறு கட்டவும் கிளம்பினார்கள். கோயிலுக்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அங்கேயாவது அவளை உட்கார வைத்து, என்ன செய்கிறது என்று கேட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறை படிவதும் எலும்பு மூட்டு இறுகுவதும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த நோய். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் ஃபுளோரைடு எலும்பைப் பிடிக்கப் பல வருடம் ஆகும். போன மாதம் வரை மூட்டை தூக்கியவருக்குக் காய்ச்சலுக்குப் பின் திடீரென்று மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கினால், பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது சரியில்லை. இந்த ஊரில் பிறந்ததாலேயே ஒருவரின் வலி கணக்கில் வராமல் போகிறது.

சரி, காய்ச்சலுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் படித்தவர்கள், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். கிருமி உள்ளே வந்ததும் அதை எதிர்க்க உடம்பு சைட்டோகைன் என்ற ரசாயனங்களைச் சுரக்கிறது. இவை ரத்தத்தின் வழியாகவும் நரம்பின் வழியாகவும் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. காய்ச்சலில் பசி இல்லாமல், யாரோடும் பேசப் பிடிக்காமல், சுருண்டு படுக்கத் தோன்றுவது இதனால்தான். ஓய்வெடுக்க வைப்பதற்காக உடம்பே செய்யும் ஏற்பாடு அது. கிருமி போனதும் இது அடங்கிவிட வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை, அழற்சி என்கிற அந்த எதிர்ப்புக் கொதிப்பு உள்ளே நீடிக்கிறது. அப்போது, மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரட்டோனினைத் தயாரிப்பதற்கான டிரிப்டோபேன் என்ற சாப்பாட்டுச் சத்து வேறு பாதையில் திருப்பிவிடப்படுகிறது. மூளையின் காவல் செல்களும் கிளர்ந்தபடியே இருக்கின்றன. தூக்கமும் உற்சாகமும் நினைவும் இதில் அடிபடுகின்றன.

இதற்குப் பழைய சாட்சியம் ஒன்று உண்டு. இன்டர்ஃபெரான் என்பது வைரஸ் வந்தால் நம் உடம்பே சுரக்கும் பொருள். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்குப் புது மாத்திரைகள் வரும் முன் அதைத்தான் பல மாதம் ஊசியாகப் போட்டார்கள். போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் மேல், மனச்சோர்வு வந்தது. அதுவரை மனசுக்கு எந்தக் கேடும் இல்லாதிருந்தவர்களும் அதில் உண்டு. எதிர்ப்புச் சக்தியின் ரசாயனம் ஒன்றை உள்ளே செலுத்தியதால் மனசு உடைந்தது என்றால், "நீயா நினைச்சுக்கற" என்று இனி யாரிடமும் சொல்லக் கூடாது.

கொரோனாவுக்குப் பிறகு இது உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. 2020ல் இத்தாலியின் மிலான் நகரில், தொற்றிலிருந்து மீண்ட 402 பேரை ஒரு மாதம் கழித்துப் பார்த்தார்கள். 56 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, அதிர்ச்சியின் பின்விளைவு போன்றவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஒரு லேப் டெக்னீஷியனாக என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதில் அவர்கள் பயன்படுத்திய கணக்கு. ரத்தத்தில் பிளேட்லெட் என்ற தட்டணுவின் எண்ணிக்கையை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் எண்ணிக்கையால் பெருக்கி, லிம்போசைட் என்ற இன்னொரு வெள்ளை அணுவின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். அந்த எண் கூடுதலாக இருந்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. மூன்று மாதத்திலும் அந்தத் தொடர்பு தெரிந்தது. இந்த மூன்று எண்களும் நான் தினமும் அடித்துக் கொடுக்கும் சாதாரண சிபிசி தாளிலேயே இருக்கின்றன. டெங்குவில் பிளேட்லெட் இறங்கிவிடுவதால் இந்தக் கணக்கை அங்கே அப்படியே வைக்க முடியாது. தனி ஒருவருக்கு இதை வைத்து நோயைச் சொல்லவும் முடியாது. ஆனால் உடம்பின் தடயம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது, யாரும் அதை மனசோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

2021ல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில், பெரும்பாலும் அமெரிக்க நோயாளிகளான 2,36,379 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து எழுதினார்கள். கொரோனாவுக்குப் பின் ஆறு மாதத்துக்குள் சுமார் மூன்றில் ஒருவருக்கு நரம்பு அல்லது மனநலம் சார்ந்த நோய் ஏதாவது ஒன்று பதிவாகியிருந்தது. சிக்குன்குனியாவுக்கும் சான்று உண்டு. 2005-06ல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு அது வந்தது. இரண்டு வருடம் கழித்து விசாரித்தபோதும் மூட்டு வலி, அசதி, கவனக் குறைவு, மனச்சோர்வு என்று சொன்னவர்கள் ஏராளம். அதே 2006ல் நம் நாட்டிலும் 13 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இந்தக் காய்ச்சல் இருக்கலாம் என்று அரசே கணக்குக் கொடுத்தது. அப்போது படுத்தவர்களை நம் ஊர்களில் யாராவது பிற்பாடு போய்க் கேட்டார்களா?

எல்லாச் சோர்வுக்கும் அழற்சிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தக்காளி விலை விழுந்து காட்டிலேயே கொட்டியவருக்கும், வீட்டில் ஆளைப் பறிகொடுத்தவருக்கும், வேலைக்குப் போக முடியாமல் குழுக் கடன் தவணை தவறியவருக்கும் மனசு ஒடிய வேறு காரணம் வேண்டாம். அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனை நார்மலாக இருந்தும் மனச்சோர்வில் இருப்பவர்கள் நிறையப் பேர். பல நேரம் எல்லாம் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் மூட்டையும் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கடனையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்கிறேன். என் அக்காவுக்கு அப்படிக் கேட்ட ஒரு டாக்டர் கடைசியில் வெளியூரில் கிடைத்தார். மூட்டு அழற்சிக்கு மருந்து, மனச்சோர்வுக்கு மருந்து, விரல்களுக்குப் பயிற்சி என்று மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார். இப்போது அவள் தேறி வருகிறாள். ஆனால் அவ்வளவு தூரம் அவளைக் கூட்டிப் போக லேப்பில் வேலை செய்கிற ஒரு தங்கச்சி இருந்தாள். சித்தேரி மலையிலோ பெட்டமுகிலாளத்திலோ இருக்கிற ஒரு பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? மாவட்டத் தலைமையிடத்துக்குப் போ என்பது உங்களுக்கு ஒரு வரி. அவர்களுக்கு அது ஒரு நாள் கூலி, துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலி, மலையிறங்கிப் பஸ் பிடிக்கிற பாடு. மனசு சோர்ந்தவரால் இதெல்லாம் முடிந்தால் அவர் எதற்கு மனநல மருத்துவரைத் தேடுகிறார்?

இன்னொன்றும் நடக்கிறது, இது எனக்குப் பெரிய கவலை. பதில் கிடைக்காதவர்கள் ஊசி போடுகிறவர்களிடம் போகிறார்கள். படிப்பு இல்லாமலே வைத்தியம் பார்ப்பவர்களும், சீட்டு கேட்காமல் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் சில கடைகளும் உங்களுக்குத் தெரியாததில்லை. ஸ்டீராய்டு போட்டால் வலி சட்டென்று விடும், அதனால் ஜனம் நம்புகிறது. டாக்டர் அளவு சொல்லாமல் தொடர்ந்து எடுத்தால் சுகர் ஏறும், எலும்பு தேயும், தூக்கம் கெடும், மனநிலையே தடுமாறும். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் கிட்னி போகும். சுகர் இல்லாதிருந்தவர் ரிப்போர்ட்டில் முந்நூறைப் பார்த்துவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடறீங்க" என்று கேட்டால், மஞ்சப் பையிலிருந்து பெயர் தெரியாத பொட்டலத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். காகிதத்தில் மடித்த இரண்டு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலமைச்சர் 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கி வைத்ததே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். 2024ல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. பிபி, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது, இயன்முறை மருத்துவரும் வருகிறார். அதே வாசலில் நிற்கும் தன்னார்வலர் அக்கா, "போன இரண்டு வாரமா எதுலயும் நாட்டம் இல்லாம இருக்கீங்களா? மனசு சோர்ந்தே கிடக்கா?" என்ற இரண்டு கேள்வியைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? உலகம் முழுக்க மருத்துவமனைகளில் முதல் சோதனையாகக் கேட்கும் கேள்விகள் இவை. டாக்டர் பட்டம் இல்லாதவர்களால் அடுத்த படியையும் செய்ய முடியும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் சில அமர்வுகள் பேசியே கடுமையான மனச்சோர்வைக் குறைத்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 2017ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

முகவரியும் உங்களிடம் இருக்கிறது. ஒருவருக்கு டெங்கு என்று உறுதியானால் கொசு மருந்து அடிக்கவும் தொட்டியைப் பார்க்கவும் வீடு தேடி ஆள் வருகிறார்கள். கொசுவைத் தேடி வரத் தெரிந்த துறைக்கு, அந்த வீட்டில் படுத்திருந்தவரைத் தேடி மூன்று மாதம் கழித்து வரத் தெரியாதா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 18ஆம் பிரிவு, மனநல சிகிச்சைக்காக யாரும் நெடுந்தூரம் போகும்படி வைக்கக் கூடாது என்கிறது. 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு இணையாக மனநோயையும் நடத்த வேண்டும் என்கிறது. எலும்பு டாக்டர் இனி வரமாட்டார் என்று ஒரு தாளை ஒட்டியிருந்தால் அன்றைக்கே ஊர் திரண்டு கேட்டிருக்கும். மனநல மருத்துவருக்காகக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் வரவில்லை. அந்த மௌனத்தை, தேவை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே இவற்றைக் கேட்கிறேன்.

நிறுத்தப்பட்ட மனநல மருத்துவரின் வாராந்திர வருகையை உடனே திரும்பத் தொடங்குங்கள். மருத்துவர் பற்றாக்குறை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, மாற்று ஏற்பாடு என்ன, எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். 14416 என்ற மனநல உதவித் தொலைபேசி எண்ணை மட்டும் கைகாட்டிவிட வேண்டாம். அது நல்ல சேவை, ஆனால் சிக்னல் இல்லாத மலை ஊருக்கும் வீங்கிய மூட்டுக்கும் அது போதாது.

டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா என்று உறுதியான ஒவ்வொருவரையும் முதல் மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் கூப்பிட்டு விசாரிக்க உத்தரவிடுங்கள். வலி, தூக்கம், நினைவு, மனநிலை, உயிர் மேல் வெறுப்பு வந்ததா என்பது வரை கேட்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும், தேவையான இடத்தில் உருதுவிலும் கேட்க வேண்டும். மனசில் இருப்பதை ஜனங்கள் வீட்டு மொழியில்தான் சொல்வார்கள்.

காய்ச்சலுக்குப் பின் தேறாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இஎஸ்ஆர், சிஆர்பி, ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர் ஆகியவற்றை இலவசமாகப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ரத்தசோகையும் தைராய்டும் இதே போல ஆளைச் சாய்க்கும், அவற்றைத் தவறவிடக் கூடாது. எல்லாம் நார்மல் என்று வந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பாமல் மனநல ஆலோசகரிடம் உட்கார வையுங்கள். மூட்டு பார்ப்பவரும் மனசு பார்ப்பவரும் ஒரே நாளில், ஒரே இடத்தில் இருக்கும்படி மாதம் ஒரு முகாமாவது இரண்டு மாவட்டங்களின் ஒவ்வொரு தாலுகாவிலும் வேண்டும்.

சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்பதையும், பெயர் தெரியாத பொட்டல மாத்திரைகளையும் மருந்து ஆய்வாளர்கள் காய்ச்சல் மாதங்களில் தனியாகச் சோதிக்க வேண்டும்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. காய்ச்சலுக்குப் பிந்தைய அழற்சியையும் மனநலத்தையும் சேர்த்து நம் மக்களிடம் ஓர் ஆய்வு நடத்தச் சொல்லுங்கள். ஃபுளோரைடு வலியையும் வைரஸ் வலியையும் பிரித்தறிவது எப்படி என்பதும் அதில் இருக்கட்டும். முடிவைத் தமிழில் வெளியிடுங்கள்.

இந்த மடலுக்கான பதிலை எழுத்தில், எது எப்போது நடக்கும் என்ற தேதியோடு கொடுங்கள். அந்த இரண்டு கேள்விகளைக் கேட்கவும், பதிலைக் குறித்துக்கொண்டு உங்களிடம் சேர்க்கவும் எங்கள் தெருவின் மகளிர் குழுப் பெண்கள் தயாராக இருக்கிறார்கள். அடுத்த காய்ச்சல் சீசனுக்கு முன்னால் அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், எந்த நாள், எந்த இடம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்